கால் பயிற்சி என்றொரு டான்ஸ்

என் அம்மா ஓடியதை நான் பள்ளிக்கூட ஹால் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொண்டை அவிழ்ந்து முதுகில் கிடந்தது. அரிசி களைந்த கையைத் துடைக்கக்கூட இல்லை. அவளுக்கு முன்னாலும் பின்னாலும் எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். யாரும் கத்தவில்லை. எங்கள் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், சுரங்க வாயான ஷாஃப்ட் பக்கம் ஓடும்போது யாரும் கத்த மாட்டார்கள். மூச்சு முழுவதும் காலுக்கு வேண்டும்.

எதற்கு ஓடினார்கள் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பூமியை அவ்வளவு ஆழத்துக்குக் குடைந்துகொண்டே போனால் பாறை சும்மா இருக்குமா? பாரம் தாங்காமல் என்றைக்காவது ஒரு நாள் வெடிக்கும். ராக்பர்ஸ்ட் என்பார்கள். மேலே எங்கள் வீடுகளில் குண்டான் உருளும், ஓடு நழுவும். கீழே ஆண்கள் என்ன ஆனார்கள் என்று தெரிய வேண்டுமானால் ஷாஃப்ட் வாசலில் போய் நிற்க வேண்டும். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வந்து, கதவு திறந்து, அதிலிருந்து நம் ஆள் நடந்து வெளியே வர வேண்டும். அப்புறம்தான் அடுப்பு ஞாபகம் வரும்.

முந்தின வாரம்தான் அப்படி ஒன்று நடந்திருந்தது. இரண்டு பேர் நடந்து வரவில்லை. ஆகவே அந்தச் சனிக்கிழமை காலை ‘தும்’ என்று ஒரு சத்தம் கேட்டு, யார் வீட்டிலோ ஒரு அலுமினியக் குண்டான் பரணிலிருந்து விழுந்ததும் மொத்த லைனும் கிளம்பிவிட்டது.

ஷாஃப்ட் வாசலில் இருந்தவர் நிதானமான ஆள். “இன்னாத்துக்குமா இத்தினி பேரு வந்துகினு கீறீங்க? கீழ ஒண்ணியும் ஆவல, போங்க,” என்றாராம். அப்படியானால் சத்தம் எங்கிருந்து வந்தது? தேடிக்கொண்டு திரும்பிய கூட்டம் நேராக எங்கள் ஹால் வாசலுக்கு வந்து நின்றது.

சத்தம் நாங்கள்தான். நானும் என் முப்பது மாணவிகளும். நான் அந்தப் பெண்கள் பள்ளியின் டிரில் டீச்சர். கையை மேலே தூக்கிக் குதி என்றேன், குதித்தார்கள். மரப்பலகைத் தரை, பலகைக்குக் கீழே வெறும் இடம். முப்பது பேர் ஒன்றாகக் குதித்தால் அது மத்தளம் இல்லாமல் வேறென்ன.

அம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தாள்.

“நீயாடி குதிச்ச?”

“டிரில்லுமா.”

“டிரில்லுனா இன்னா, ஊர்ல கீற பொம்பளைங்க உயிர எடுக்கறதா?”

என் மாணவிகள் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேரின் அம்மாக்களும் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்ததால் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

எக்சர்சைஸ், அத்தை

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் ஊர்க் குழாயடிச் சண்டைகளைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா. அதைப் படித்த என் மருமகள், “உங்க ஊர்ல சண்டை மட்டும்தானா அத்தை, பாட்டு டான்ஸ் எதுவும் கிடையாதா?” என்று கேட்டாள். கேட்க அவளுக்கு அருகதை உண்டு. பெங்களூரில் ஹிப்ஹாப் வகுப்புக்குப் போகிறாள்.

நாற்பதைத் தாண்டியவள். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் மிரட்டியிருக்கிறார். நடக்கச் சொன்னால் முட்டி வலிக்கிறதாம். ஹிப்ஹாப் ஆடினால் வலிக்கவில்லையாம். முட்டிக்கும் ரசனை உண்டு போலிருக்கிறது. நானும் ஒரு நாள் கூடப் போனேன். தொப்பியைப் பின்பக்கம் திருப்பிப் போட்ட ஓர் இளைஞர் சொல்லிக்கொடுக்க, இல்லத்தரசிகளும் ஐ.டி. மானேஜர்களும் தோளை வெட்டி, மார்பை உதறி, உடம்பை ஒடித்து ஒடித்து நிறுத்தினார்கள். எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. திரும்பி வரும்போது காரில், “நல்லா டான்ஸ் ஆடற,” என்று மனதாரச் சொன்னேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. “டான்ஸ் இல்ல அத்தை. எக்சர்சைஸ்.”

அடிப்பாவி என்று நினைத்துக்கொண்டேன். அமெரிக்காவில் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள் தெருமுனையில் ஆடி வளர்த்த ஆட்டமாம் அது. அந்தப் பிள்ளைகளை அவர்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் என்னவெல்லாம் சொல்லித் திட்டினார்களோ. இங்கே வந்து அது சர்க்கரைக்கு மருந்தாகிவிட்டது. சந்தோஷமாக ஆடினேன் என்று சொல்ல வெட்கம். கொழுப்பைக் கரைத்தேன் என்று சொன்னால் கௌரவம்.

இந்தப் பொய் அவள் கண்டுபிடித்தது இல்லை. அறுபதுகளில் இதே பொய்யை நான் ஒரு பள்ளிக்கூடத்தையே நம்பவைத்துச் சொன்னவள்.

குதிக்காத டிரில்

குண்டான் விழுந்த கதைக்கு வருகிறேன். திங்கட்கிழமை தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். நாங்கள் பெரிய டீச்சர் என்போம். சில சொற்கள் காதில் விழுந்தாலே கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொள்வார். ‘டான்ஸ்’ அதில் முதலாவது. ஆண்டு விழாவில் கோலாட்டம் போடலாமா என்று ஒரு தமிழ் டீச்சர் கேட்டதும், அந்த வருஷம் முழுவதும் பெரிய டீச்சர் ஜலதோஷம் பிடித்தவர் மாதிரியே இருந்தார்.

“இனிமே நம்ம ஹாலில் ஒரு பிள்ளையோட காலும் தரையை விட்டு எழும்பக் கூடாது,” என்றார்.

“சரிங்க டீச்சர். அப்ப ஆண்டு விழாவுல டிரில் வேணாங்களா?”

“வேணாம்னு யார் சொன்னது? கமிட்டி வருது. டிரில் கட்டாயம் வேணும்.”

“காலைத் தூக்காம எப்படி டீச்சர் டிரில்?”

“அதுக்குத்தானே உங்களை வெச்சிருக்கோம்.”

வைத்திருந்தார்கள் என்பதும் முழு உண்மை இல்லை. என் வேலை டெம்ப்ரவரி. ஆண்டு விழா டிரில்லைப் பார்த்துவிட்டு, கமிட்டி என்னைப் பெர்மனென்ட் ஆக்கலாம். இல்லை, வீட்டுக்கு அனுப்பலாம். வீட்டுக்கு என்றால் அது வீட்டுக்கு இல்லை, பங்களாவுக்கு.

அம்மா ஒரு பெரிய ஆபீசர் பங்களாவில் தரைக்கு பாலிஷ் போடும் வேலை பார்த்தாள். வெள்ளைக்காரத் துரைகள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நம் ஆட்கள் அதே பங்களாவில், அதே பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, அதே மணியை அடித்து அதே ஆயாவைக் கூப்பிட்டார்கள். சுதந்திரம் வந்ததில் தரை மட்டும் முன்னைவிடப் பளபளப்பாக இருக்க வேண்டியதாயிற்று. அந்த வீட்டம்மா நம் நாட்டுக்காரம்மாதான். ஆனாலும் தொரசானி என்றுதான் கூப்பிட வேண்டும். “உன் மகளையும் அனுப்பேன், ரெண்டு பேரா செஞ்சா சீக்கிரம் முடியும்,” என்று அந்தம்மா அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். பள்ளிக் கமிட்டிக்குத் தலைவியும் அவரேதான்.

“எம் பொண்ணு டீச்சருங்க,” என்று அம்மா ஒவ்வொரு முறையும் சொல்லுவாள். சொல்லிவிட்டு வந்து இரவெல்லாம் என் காது புளிக்கப் புலம்புவாள்: “யசோ, எப்படியாவது அந்த வேலைய நெல நிறுத்திக்கடி. நீ அந்த வூட்டுத் தரைல கால் வெச்சா, மேடம்னு கூப்ட்டு நாற்காலி போட்டாதான் வெக்கணும்.”

நைனாவின் கால் விரல்

என் பெயர் யசோதரா. பெயரைப் பார்த்தாலே தெரியும், நாங்கள் பௌத்தக் குடும்பம். என் அப்பாவை நைனா என்போம். அவருக்குச் சுரங்கத்தில் மரத்தூண் நிறுத்துகிற வேலை. படிப்பும் பகுத்தறிவும் அவருக்கு இரண்டு கண். வீட்டில் சாமி படம் கிடையாது, நல்ல நேரம் கெட்ட நேரம் கிடையாது, ஆட்டம் கிடையாது.

முதல் இரண்டும் எனக்குச் சௌகரியமாக இருந்தன. மூன்றாவதுதான் இடித்தது. ஒரு தடவை ஏன் என்று கேட்டுவிட்டேன்.

“வடாற்காட்டுல எங்க தாத்தாவ எதுக்குக் கூப்ட்டானுங்க தெரியுமா? எவன் வூட்லயோ சாவு உழுந்தா மோளம் அடிக்க, முன்னாடி ஆட. கூலியும் கெடையாது, மாட்டேன்னு சொல்லவும் முடியாது. அந்த மோளத்த அங்கயே போட்டுட்டு இங்க வந்து குழில எறங்கினாரு. இப்ப நீ திரும்பி ஆடணும்ன்ற,” என்றார்.

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பு இல்லை.

ஆனால் எங்கள் லைனில் சாவு என்றால் பக்கத்து வீட்டு ஆண்கள் மேளம் வைக்காமல் இருக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் சாவுக்குப் பஞ்சமும் கிடையாது. மேளம் தொடங்கியதும் நைனா கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். முகத்தில் புத்தர் சிலையின் அமைதி. கீழே பார்த்தால் வலது காலின் கட்டைவிரல் மேளத்துக்கு அச்சுப் பிசகாமல் தாளம் போடும். அவருக்கே அது தெரிந்துவிட்டால் இடது காலைத் தூக்கி அதன் மேல் வைத்து அழுத்திக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் இடது கால் தொடங்கிவிடும். பாவம், மனுஷனுக்கு இரண்டு கால்தானே.

டெய்ஸி காட்டியது

கையை மட்டும் ஆட்டுகிற டிரில் ஒன்றை முயன்று பார்த்தேன். மாணவிகள் கொடியில் துணி உலர்த்துகிறவர்கள் போல இருந்தார்கள். உட்கார்ந்து செய்கிற டிரில்லுக்குப் பாவாடை ஒத்துழைக்கவில்லை. ஒரு வாரம் இப்படியே போயிற்று.

டெய்ஸி என்று ஆங்கிலோ இந்தியப் பெண் ஒருத்தி எங்கள் பள்ளியில் பியானோ வாசித்தாள். என் வயசுதான். பியானோவில் ஐந்தாறு கட்டைகள் செத்துப்போயிருந்தன. அந்த இடங்களில் டெய்ஸி வாயால் சத்தம் கொடுத்துச் சமாளிப்பாள். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, “இன்னா மேன் யசோ, இதுக்குப் போயி அழுவற? காலைத் தூக்காத டான்ஸ்தானே வேணும்? ட்விஸ்ட் கீதே,” என்றாள்.

“டான்ஸுனு சொல்லாதடி. மூக்கத் தொடச்சிக்குவாங்க.”

“சரி, எக்சர்சைஸ் கீதே,” என்றாள்.

எங்கள் ஊர்க் கிளப்பில் அப்போது அதுதான் பேச்சு. டெய்ஸி நடு ஹாலில் நின்று காட்டினாள். இரண்டு பாதமும் தரையில் ஊன்றியபடி இருக்கும். முன்பாதத்தில் எடையைப் போட்டு இடுப்பை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருக வேண்டும். முட்டி மடங்கும், உடம்பு இறங்கும், ஏறும். சத்தமே இல்லை. பர்ஸ்ட் வெடிக்கிற ஊருக்கென்றே யாரோ யோசித்துச் செய்த ஆட்டம் போல இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. என் வேலை அந்த இடுப்புத் திருகலில் இருந்தது.

ஒரே ஒரு சிக்கல். டெய்ஸியின் காலில் தோல் ஷூ, வழுக்கிக்கொண்டு போயிற்று. என் மாணவிகள் வெறுங்கால் பிள்ளைகள். பலகையில் பாதம் ஒட்டிக்கொண்டு திரும்ப மறுத்தது. முதல் நாளே இருவருக்குச் சிராய் ஏறிவிட்டது.

மட்டை

அம்மா பாலிஷ் போடுவதைச் சின்ன வயதில் பங்களா வராந்தாவில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சிவப்புச் சிமெண்ட் தரை. அதில் மெழுகைத் தடவிவிட்டு, பாதியாக வெட்டிய தேங்காய் மட்டையைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் காலை வைத்துத் தேய்க்க வேண்டும். கையால் தேய்த்தால் நாள் முழுக்க ஆகும் என்பதால் பாதத்தாலும் இடுப்பாலும் தேய்ப்பார்கள். வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அம்மா அப்படித் திருகிக்கொண்டே போவாள். ராத்திரி படுக்கும்போது இடுப்பில் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுப்பது என் வேலை.

சிராய் ஏறிய மறுநாள் மாணவிகளிடம் ஆளுக்கு இரண்டு பாதி மட்டை கொண்டுவரச் சொன்னேன். கவிழ்த்த மட்டையின் மேல் பாதம் வைத்து நின்றதும் வழுக்கியது. அப்புறம் பார்க்க வேண்டுமே.

டெய்ஸி வாசித்தாள், செத்த கட்டைகளுக்கு வாயாலும் வாசித்தாள். எட்டாம் வகுப்பு செல்வி முதல் வரிசையில் நின்றிருந்தாள். எங்கள் லைனில் சாவு மேளத்துக்கு முதல் ஆளாக நிற்பவரின் மகள். அவளுக்கு இடுப்பு ட்விஸ்ட்டுக்கும் தோள் அப்பாவின் மேளத்துக்கும் ஆடியது. இன்னொருத்தி தலையில் குடம் இருப்பதைப் போல் கழுத்தை அசைக்காமல் இடுப்பை மட்டும் திருகினாள். கிளப்பில் கவுன் போட்டு ஆடியவர்கள் யாருக்கும் இது வராது. சொல்லிக்கொடுத்தது டெய்ஸி, இரண்டாம் நாளே அது எங்கள் லைன் ஆட்டமாகிவிட்டது. நான் அவர்களைத் திருத்தவில்லை. அவர்களோடு நானும் ஆடினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் எப்போது இருந்தேன் என்று இன்று யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை.

பெரிய டீச்சர் ஒரு நாள் எட்டிப் பார்த்தார். கை கைக்குட்டைக்குப் போனது. “இது என்ன மிஸ் யசோதரா?”

“கால் பயிற்சிங்க டீச்சர். முழங்கால் மூட்டுக்கும் இடுப்புக்கும் ரொம்ப நல்லது.”

அவர் தரையைப் பார்த்தார். ஆண்டாண்டு காலமாகப் புழுதி படிந்து கறுத்திருந்த பலகை, மட்டை தேய்த்துத் தேய்த்து மினுமினுத்தது. “தரையும் சுத்தமாகுது,” என்றார். கைக்குட்டை திரும்ப உள்ளே போயிற்று. விழா அழைப்பில் ‘கால் பயிற்சி’ என்றே அச்சானது.

வீட்டிலும் அதையே சொன்னேன். நைனா, “எக்சர்சைஸ்னா சரி,” என்றார். எங்கள் ஊரில் எக்சர்சைஸுக்கு யாரும் எதிரி இல்லை. நாள் முழுக்கப் பாறையை உடைத்துவிட்டு வருகிறவர்கள்கூட அதை மதித்தார்கள். உடம்பு எதற்காவது உபயோகப்படுகிறது என்றால் அது அசையலாம். சும்மா அசைந்தால்தான் குற்றம்.

கமிட்டி பார்த்தது

ஆண்டு விழா. முன்வரிசையில் கமிட்டி, நடுவில் தொரசானி, பக்கத்தில் பெரிய டீச்சர். பின்னால் அம்மாக்கள். ஷிப்ட்டுக்குப் போயிருந்ததால் நைனா வரவில்லை. அம்மா கல்யாணப் புடவையை எடுத்துக் கட்டியிருந்தாள். தொரசானி தன்னைத் திரும்பிப் பார்ப்பாரா என்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள்.

டெய்ஸி தொடங்கினாள். முப்பது பிள்ளைகளும் மட்டைமேல் ஏறி நின்று திருகினார்கள். செல்வியின் தோளைப் பார்த்ததும் பின்வரிசையில் யாரோ விசிலுக்கு விரலை வாயில் வைத்து, தொரசானியின் கொண்டையைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்கள். மேடையில் ஒரு பிள்ளைகூடத் தப்புப் பண்ணவில்லை. முடியும் தறுவாயில் இருந்தபோது தொரசானி கைதட்டிக்கொண்டே எழுந்து நின்றார். பியானோ நின்றுவிட்டது. பிள்ளைகள் மட்டைமேல் அப்படியே நின்றார்கள்.

“ரொம்பப் பிரமாதம்,” என்று கமிட்டியின் பக்கம் திரும்பிச் சொன்னார். “எவ்வளவு உபயோகமான பயிற்சி. பாலிஷ் போடறதுக்கு எங்க ஆயாவுக்குச் சொல்லிக்கொடுக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. இந்தப் பிள்ளைங்க இங்கயே கத்துக்கிட்டு வந்துடும். இந்த டீச்சரை உடனே பெர்மனென்ட் பண்ணிடுங்க.”

எனக்கு முதலில் காதில் விழுந்தது பெர்மனென்ட் என்ற சொல்தான். அதற்கு முன்னால் சொன்னதெல்லாம் மெதுவாக உள்ளே இறங்கியது. பெரிய டீச்சர் என்னைப் பார்த்து, நன்றி சொல் என்பது போலத் தலையை ஆட்டினார். வாயைத் திறந்தேன். என்ன சொல்லப்போனேன் என்று எனக்கே தெரியாது.

“அம்மா, அது பாலிஷ் இல்லீங்க.”

பின்வரிசையில் என் அம்மா எழுந்து நின்றிருந்தாள். பங்களாவில் பேசும் அதே பணிவான குரல்.

“என்ன?” என்றார் தொரசானி.

“பாலிஷ் நான் போடறதுங்க, உங்க வூட்ல. அது எப்படினு எனக்குத் தெரியும். புள்ளைங்க ஆடுதுங்க. டான்ஸுங்க அது.”

பெரிய டீச்சர் கைக்குட்டையால் மூக்கை முழுவதுமாக மூடிக்கொண்டு என்னைக் கேட்டார்: “மிஸ் யசோதரா, கால் பயிற்சிதானே? சொல்லுங்க, கால் பயிற்சிதானே?”

ஒரு ‘ஆமாம்’ போதும். என் வேலை என் கையில். ஆனால் மேடையில் செல்வி மூச்சு வாங்கிக்கொண்டு, முகமெல்லாம் வேர்த்து, எப்போது திரும்பத் தொடங்கலாம் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையை நாளைக்கு ஒரு வராந்தாவில் நிறுத்திப் பார்க்க என்னால் முடியவில்லை.

“டான்ஸ்தான் டீச்சர்,” என்றேன். “ட்விஸ்ட்னு பேரு. முடியல இன்னும், பாக்கி கீது.”

டெய்ஸி யாரையும் கேட்காமல் கட்டையைத் தட்டினாள். பிள்ளைகள் மிச்சத்தையும் ஆடி முடித்தார்கள். இந்த முறை பின்வரிசை விசிலை அடக்கிக்கொள்ளவில்லை. தொரசானி டீ குடிக்காமலே காரில் ஏறினார். அது அவருக்கு நஷ்டமில்லை, பள்ளிக்கூட டீ அப்படி.

வேலை போயிற்று. அடுத்த வாரமே சொல்லிவிட்டார்கள். என் இடத்துக்கு வந்தவர் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து மூச்சை இழுத்து விடச் சொல்லிக்கொடுத்தார் என்று கேள்வி. யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். ஆண்டர்சன்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் சில காலம் துணி கிழித்தேன். அப்புறம் வேறு ஊரில் வேறு பள்ளியில் டிரில் டீச்சராகி, பென்ஷன் வாங்கும்வரை பிள்ளைகளை ஆடவைத்தேன்.

அன்று சாயங்காலம்

அன்று சாயங்காலம் நைனா ஷிப்ட் முடிந்து வந்தபோது விஷயம் அவருக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. வழியிலேயே நாலு பேர் நிறுத்திச் சொல்லியிருந்தார்கள். குளித்துவிட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தார். அம்மா கல்யாணப் புடவையை இன்னும் மாற்றவில்லை. அப்படியே களி கிண்டிப் போட்டாள்.

எனக்குத்தான் திட்டு விழும் என்று சுவரோரமாக நின்றிருந்தேன். நைனா என்னைப் பார்க்கவே இல்லை.

“அவ சின்னப் பொண்ணு. உனக்கு இன்னா வந்துச்சு?” என்று அம்மாவைக் கேட்டார். “வேலைய குடுத்துட்டா இல்ல அந்தம்மா? வாயால சொல்லிட்டா இல்ல? பாலிஷோ கீலிஷோ, சொல்லிட்டுப் போறா. கம்முனு இருந்திருந்தா இவ டீச்சர். இப்ப இவளுக்கும் வேலை இல்ல, உனுக்கும் நாளைக்கு அந்த வூட்ல வேலை இல்ல.”

“இல்லதான்,” என்றாள் அம்மா.

“அப்பறம் இன்னாத்துக்கு எழுந்து நின்ன?”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். குரல் ஏறவில்லை.

“அந்த வூட்டுத் தரைய எத்தினி வருசமா தேய்ச்சிகினு கீறேன். இதே இடுப்பு, இதே காலு. ஒரு நாளாவது அவ என்னப் பாத்துட்டு, இவ ஆடறாளோன்னு நெனச்சிருப்பாளா? இன்னிக்கு எம் பொண்ணு சொல்லிக்குடுத்து புள்ளைங்க ஆடுதுங்க. அதப் பாத்துட்டுத் தேய்க்குதுங்கன்னு சொல்றா. நான் கம்முனு இருக்கணுமா, சொல்லு.”